பழைய கைத்துப்பாக்கிகள் கூறும் வரலாறு



பழம்பொருள்களைத் தேடிச் சேர்த்து வைப்பது மனிதனிடத்தே தொன்றுதொட்டு இருந்து வரும் ஓர் இயல்பு. ஒருவர் நாணயங்களைச் சேர்ப்பார். ஒருவர் தபால் முத்திரைகளைச் சேர்ப்பார். வேறொருவர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊரூராக அலைவார். இவர்களையெல்லாம் உலகம் அறிவாளர் என்று போற்றுகிறது. ஆனால், மனிதரைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்ட கருவியொன்றை ஒருவர் விலை கொடுத்து வாங்கி, எண்ணெயிட்டுத் துடைத்து, கண்ணாடிப் பேழையில் வைத்துப் பேணுவாராயின் அவரை என்னென்பது? அமெரிக்க நாட்டிலே அத்தகையோர் பலர் உளர். அந்நாட்டின் மேற்கு எல்லைப்புறம் குடியேற்றத்துக்கு உட்பட்டு வந்த 19ஆம் நூற்றாண்டில் வழங்கிய கைத்துப்பாக்கிகளை, அவற்றுள்ளும் சிறப்பாக 'இரட்டைச் செயல்' றிவோல்வர் எனப்படும் வகையைத் தேடுவோரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அவர்கள் தேடுவது இரும்பையா, வரலாற்றையா, அன்றி வெறும் கட்டுக்கதையையா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

முதலில் இக்கருவியின் அமைப்பைச் சற்று விளங்கிக் கொள்வோம். றிவோல்வர் என்பது சுழல் துப்பாக்கி. குழலுக்குப் பின்னே ஓர் உருளை உண்டு. அவ்வுருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு தோட்டா. பின்புறத்தே சுத்தியல் போன்ற ஓர் உறுப்பு நிமிர்ந்து நிற்கும்; அதனைத் துப்பாக்கிக் குதிரை என்பது தமிழ் வழக்கு. கீழே சுட்டுவிரல் படும் இடத்தில் விசை. 'ஒற்றைச் செயல்' துப்பாக்கியில், சுடுபவன் ஒவ்வொரு முறையும் தன் பெருவிரலால் குதிரையைப் பின்னே இழுத்து நிறுத்த வேண்டும். அப்போது உருளை சுழன்று அடுத்த தோட்டா நேரே வரும். அதன்பின் விசையை அழுத்தினால் குதிரை விடுபட்டு மோதும். விசைக்கு அங்கே ஒரு தொழில்தான் உண்டு. 'இரட்டைச் செயல்' துப்பாக்கியிலோ, விசையை இழுக்கும் அந்த ஒரே அசைவினால் உருளை சுழல்வதும், குதிரை பின்னே எழுவதும், மீண்டு மோதுவதும் ஆகிய யாவும் நிகழ்ந்து விடும். வேண்டுமாயின் பழையபடி பெருவிரலாலும் இழுத்துக் கொள்ளலாம். இருவகையாலும் இயங்குவதால் இரட்டைச் செயல் என்றனர்.

கேட்பதற்கு இது சிறியதொரு மாற்றம் போலத் தோன்றும். ஆயினும், இடது கையில் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக் கொண்டு வலது கையால் சுடவேண்டிய ஒருவனுக்கு, ஒரு கணப்பொழுது என்பது உயிருக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட தூரமாகும். அவ்வளவு பயன் உடையதாயிருந்தும், இவ்வமைப்பு அமெரிக்காவில் வேரூன்றுவதற்கு நெடுங்காலம் சென்றது. ஏன் சென்றது என்பதிலேதான் இக்கதையின் சுவை அடங்கியுள்ளது.

சுழல் துப்பாக்கியை உலகறியச் செய்தவர் சாமுவேல் கோல்ட் என்பவர். கனெக்டிகட் மாநிலத்து ஹாட்போர்ட் நகரில் 1814இல் பிறந்த இவர், 1836இல் அமெரிக்காவில் தமது அமைப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். முதலில் நடத்திய தொழிற்சாலை 1842இல் மூடப்பட்டது. பின்னர் மெக்சிக்கோவுடன் நிகழ்ந்த போரினால் அவருக்கு மறுவாழ்வு கிடைத்தது. கோல்ட் செய்தவை யாவும் ஒற்றைச் செயல் துப்பாக்கிகளே.

1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் மாபெரும் பொருட்காட்சி நடைபெற்றது. கண்ணாடியால் எழுப்பிய மாளிகையில் உலகத்து நாடுகளின் கைவண்ணமெல்லாம் அணிவகுத்திருந்தன. அங்கே கோல்ட் தமது துப்பாக்கிகளைப் பரப்பி வைத்தார். அதே பொருட்காட்சியில் றொபேட் அடம்ஸ் என்னும் ஆங்கிலேயர் தாம் செய்த ஒன்றையும் வைத்தார். அடம்ஸின் துப்பாக்கியில் பெருவிரலுக்கு வேலையே இல்லை. விசையை இழுத்தாலே போதும். விரைவுக்கு அடம்ஸ், குறிக்குக் கோல்ட் என்று வல்லுநர் இரு கட்சியாகப் பிரிந்தனர். விசையை வலிந்து இழுக்கும்போது கை அசைந்து குறி தவறும் என்பதே அடம்ஸின் அமைப்பின் மீது சாட்டப்பட்ட குறை. அதனைத் தீர்த்தவர் பிரித்தானியப் படையின் பொறியியற் பிரிவைச் சேர்ந்த பிறெடெறிக் போமொன்ற் என்னும் இளம் அதிகாரி. பெருவிரலாலும் இயக்கலாம், விசையாலும் இயக்கலாம் என்னும்படி அவர் அதனைத் திருத்தினார். 1856இல் பிரித்தானியப் படை அதனை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த போது ஆங்கில அதிகாரிகளின் இடைகளில் தொங்கியவற்றுள் இவ்வகையும் ஒன்று.

ஆகவே, இரட்டைச் செயல் என்பது அமெரிக்க எல்லைப்புறத்தின் கண்டுபிடிப்பு அன்று. அது ஐரோப்பாவில் தோன்றி, கடல் கடந்து சென்ற ஒரு கருத்து. 1861 தொடக்கம் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர் நடைபெற்ற காலத்தில், ஸ்டார் என்னும் நிறுவனம் இவ்வமைப்புடைய துப்பாக்கிகளை வட மாநிலப் படைக்குச் செய்து கொடுத்தது. படைக்குரிய பெரிய அளவில் ஏறத்தாழ 23,000 செய்யப்பட்டன. பின்பு நிகழ்ந்தது கருதத் தக்கது. அரசாங்கம் அந்நிறுவனத்தை நோக்கி, எளிமையும் மலிவும் உள்ள ஒற்றைச் செயல் துப்பாக்கியையே செய்து தருமாறு கேட்டது. நிறுவனமும் 1863 முதல் அவ்வாறே ஏறத்தாழ 32,000 செய்து கொடுத்தது. முன்னேறிச் சென்ற ஒரு கருத்து, விலையை முன்னிட்டுப் பின்வாங்கிய கதை இது. புதியது எப்போதும் பழையதை உடனே வென்றுவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வரலாறு அப்படிச் சொல்வதில்லை.

போருக்குப் பின் அமெரிக்கர் மேற்கு நோக்கிப் பெருகிச் சென்றனர். 1862இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம் நிலமற்றோருக்கு நிலம் தருவதாக வாக்களித்தது. 1869ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் தேதி, கண்டத்தைக் குறுக்கே கடக்கும் இருப்புப் பாதை இணைக்கப்பட்டது. எல்லைப்புறம் என்று குடியேறியோர் அழைத்த அந்த நிலம் வெறுநிலம் அன்று. லக்கோட்டா, செயென், அப்பாச்சி முதலிய பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தாயகம் அது. ஒருவருடைய எல்லை விரியும்போது மற்றொருவருடைய வீடு சுருங்குகிறது. இதனை மறந்து எல்லைப்புறத் துப்பாக்கியின் அழகை மட்டும் பேசுவது அரை வரலாறு ஆகும்.

இதே காலத்தில் துப்பாக்கி நுட்பத்திலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. முன்னர் வெடிமருந்தையும் குண்டையும் தனித்தனியே அறையில் இட்டுக் கெட்டிக்க வேண்டியிருந்தது. பின்னர் இவை யாவும் ஓர் உலோகக் கூட்டுக்குள் அடைக்கப்பட்ட தோட்டாக்களாயின. அத்தோட்டாவை உருளையின் பின்புறமாகச் செலுத்துவதற்கு உருளையை முழுவதும் துளைத்தல் வேண்டும். அந்த அமைப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றவர் றொலின் வைற் என்பவர், ஆண்டு 1855. ஸ்மித் அன்ட் வெஸன் நிறுவனம் அவ்வுரிமையைத் தன்வசப்படுத்திக் கொண்டது. 1869இல் உரிமைக்காலம் முடியும்வரை ஏனையோர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னரே கோல்ட் நிறுவனம் 1873இல் தனது புகழ்பெற்ற ஒற்றைச் செயல் துப்பாக்கியை வெளியிட்டது. சாமுவேல் கோல்ட் அப்போது உயிருடன் இல்லை. அவர் 1862இலேயே காலமாகி விட்டார். திரைப்படங்களில் மாட்டிடையர் இடுப்பில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த 1873 வகையே.

கோல்ட் நிறுவனம் முதன்முதலாகச் செய்த இரட்டைச் செயல் துப்பாக்கி 1877இல் வெளிவந்தது. அதனை வரைந்தவர் அங்கே பணிபுரிந்த வில்லியம் மேசன். ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கினால் அதில் 38 கூறு என்னும் அளவுடையதற்கு 'மின்னல்' என்றும், 41 கூறு அளவுடையதற்கு 'இடி' என்றும் பொருள்படும் பெயர்கள் வழங்கின. அப்பெயர்களைச் சூட்டியது தொழிற்சாலை அன்று. சின்சினாற்றி நகரத்து வணிகர் ஒருவர் விற்பனைக்காகச் சூட்டினார் என்பர். மறு ஆண்டு, 1878இல், பெருந்தோட்டாக்களுக்கு ஏற்ற பெரிய வகை ஒன்றும் வந்தது. ஸ்மித் அன்ட் வெஸன் நிறுவனம் 1880இலும் 1881இலும் தனது இரட்டைச் செயல் வகைகளை வெளியிட்டது. குழலைத் திருகி முன்னே இழுத்தால் சுட்ட தோட்டாக் கூடுகள் தாமாகவே உதிரும் விந்தை அமைப்புடன் மேவின் ஹல்பேட் என்னும் பெயரிலும் சில வந்தன. இங்கிலாந்திலிருந்து வெப்லி நிறுவனத்தின் குறுங்குழல் துப்பாக்கிகளும், அவற்றைப் பார்த்துப் பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட மலிவுப் படிகளும் சந்தையில் நிறைந்தன.

1877 வகையில் 1909 வரை ஏறத்தாழ 166,000 செய்யப்பட்டன. இவ்வளவு விற்றும் அதற்கு நற்பெயர் இல்லை. உள்ளே இருந்த மெல்லிய தட்டைவில்களும் நுண்ணிய பற்களும் எளிதில் தேய்ந்தன, ஒடிந்தன. துப்பாக்கி திருத்துவோருக்கு உகந்த துப்பாக்கி இதுவே என்று கேலி பேசினர். ஒற்றைச் செயலில் உறுப்புகள் குறைவு. அவற்றுள் ஒன்று பழுதாயினும் ஒருவாறு சமாளித்துச் சுடலாம். அண்மையிலுள்ள திருத்துநரின் கடை நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் புல்வெளியில், நுட்பம் மிகுந்த கருவியைவிட உறுதி மிகுந்த கருவியே நல்ல துணை. எல்லைப்புறத்து மாட்டிடையன் பழையதையே விரும்பியதற்குக் காரணம் அறியாமை அன்று, அநுபவம். நகரத்தில் வாழ்ந்த கடைக்காரனும் எழுதுவினைஞனும் பிரயாண வணிகனுமோ, சட்டைப் பையிலும் மேசை இழுப்பறையிலும் வைப்பதற்குச் சிறிய இரட்டைச் செயல் துப்பாக்கியை வாங்கினர். இன்று சேகரிப்போர் கைக்கு வரும் இவ்வகைத் துப்பாக்கிகள் பலவும், சுடப்பட்டதை விட இழுப்பறையில் உறங்கியதே அதிகம் என்று கொள்ள இடமுண்டு.

எல்லைப்புற நகரங்களில் எல்லாரும் எந்நேரமும் துப்பாக்கியோடு திரிந்தார்கள் என்பதும் திரைப்படம் தந்த மயக்கமே. டொட்ஜ் சிற்றி, விச்சிற்றா முதலிய நகரங்களில் ஊருக்குள் துப்பாக்கி தாங்குவது தடைசெய்யப்பட்டிருந்தது. அரிசோனாப் பகுதியின் ரூம்ஸ்டன் நகரில் 1881ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆந் தேதி நிகழ்ந்த புகழ்பெற்ற மோதலை எடுத்துக் கொள்வோம். ஏறத்தாழ அரை நிமிடத்தில் முப்பது வேட்டுகள், மூவர் மடிந்தனர். அம்மோதலுக்கு நேர்க்காரணம், நகருக்குள் ஆயுதம் தாங்கக் கூடாது என்னும் விதியை நிறைவேற்றச் சென்றதேயாகும். துப்பாக்கிக்குப் புகழ்பெற்ற நகரமே துப்பாக்கியைத் தடைசெய்த நகரம் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இனிச் சேகரிப்போரிடம் வருவோம். நல்ல சேகரிப்பாளர் முதலிற் பார்ப்பது துப்பாக்கியின் தொடர் இலக்கத்தை. சட்டத்தின் கண்ணிலும் அது முக்கியம். அமெரிக்காவில் 1968இல் இயற்றப்பட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டதைப் பழம்பொருள் என்று வகுத்துள்ளது. மாநிலச் சட்டங்கள் வேறுபடுதலும் உண்டு. 1877 வகைக் கோல்ட் 1909 வரை செய்யப்பட்டதால், ஒரே தோற்றமுடைய இரண்டில் ஒன்று பழம்பொருளாகவும் மற்றது அல்லாததாகவும் இருக்கலாம். இலக்கமே தீர்ப்புக் கூறும். ஸ்மித் அன்ட் வெஸனின் 44 கூறு அளவுள்ள இரட்டைச் செயல் துப்பாக்கியோ 1913 வரை விற்கப்பட்டதாயினும், அதன் உடற்சட்டங்கள் அனைத்தும் 1899க்கு முன்னரே செய்து முடிக்கப்பட்டவை. எனவே, எந்த ஆண்டில் விற்கப்பட்டாலும் அது பழம்பொருளே. இத்தகைய நுணுக்கங்களைக் கற்பது இத்துறையில் பாலபாடம்.

இரண்டாவதாகப் பார்ப்பது மேற்பூச்சு. தொழிற்சாலையில் இட்ட நீலப் பூச்சோ நிக்கல் பூச்சோ தேய்ந்து மங்கியிருப்பினும், அதுவே விலைமதிப்பு உடையது. புதிதாகப் பூசிப் பளபளக்கச் செய்தால் மதிப்புக் குறையும். உலோகத்தைத் தேய்த்து மெருகிடும்போது பொறித்த எழுத்துகள் மழுங்கும்; கூரிய விளிம்புகள் உருண்டு விடும். கோல்ட் துப்பாக்கிகளில் நிக்கல் பூசியவற்றுக்கும் குதிரையும் விசையும் நீலமாகவே விடப்படுவது வழக்கம். ஆகையால் அவையும் வெள்ளையாய் மின்னுமாயின், பிற்காலத்துக் கை பட்டது என்று தேர்ந்தவர் உணர்ந்து கொள்வர். தாயின் சுருக்கம் விழுந்த முகத்துக்குச் சாயம் பூசுவார் யார்? பொருளின் முதுமையும் பொருளின் ஒரு பகுதியே. பழந்துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தலும் ஆகாது. கரிமருந்துக் காலத்து இரும்பு இக்காலத்துத் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்காமல் கையிலேயே வெடித்தல் கூடும்.

மூன்றாவதும் முதன்மையானதும் பத்திரச் சான்று. கோல்ட் தொழிற்சாலையிலிருந்து எந்த இலக்கமுள்ள துப்பாக்கி, எந்த நாளில், எந்தப் பூச்சுடன், எந்த வணிகருக்கு அனுப்பப்பட்டது என்பது பேரேடுகளில் எழுதப்பட்டது. எழுதிக் கேட்போருக்கு அவ்விவரத்தைக் கடிதமாக வழங்கும் முறை உண்டு. ஸ்மித் அன்ட் வெஸனுக்கும் அவ்வாறே. இக்கடிதங்கள் பல குடும்பங்களின் பெருமைக் கதைகளைக் கலைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. இந்தத் துப்பாக்கி இன்ன கொள்ளைக்காரனுடையது என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்த வீட்டாருக்கு, அக்கொள்ளைக்காரன் இறந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அது தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டது என்று கடிதம் வந்தால் எப்படி இருக்கும்! ஆயினும் நேர்மையான சேகரிப்பாளர் கடிதத்தையே ஏற்க வேண்டும். கதை இனிமையாய் இருக்கிறது என்பதற்காக அது உண்மையாகி விடாது. வரலாறு கற்பிப்போர் வகுப்பறையில் எத்தனை முறை சொன்னாலும் மாணவர் மனத்திற் பதியாத இப்பாடத்தை, ஒரு பேரேட்டின் ஒற்றை வரி பதிய வைத்து விடுகிறது.

சான்றின் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. பில்லி த கிட் என்று அழைக்கப்பட்ட இளங்கொள்ளையனை, 1881ஆம் ஆண்டு யூலை 14ஆந் தேதி பற் கரற் என்னும் ஷெரிப் சுட்டுக் கொன்றார். பில்லி தானும் 41 கூறு அளவுள்ள இரட்டைச் செயல் கோல்ட் ஒன்றை விரும்பித் தாங்கினான் என்று பலர் சொல்வர். அப்படி ஐயமற நிறுவப்பட்ட துப்பாக்கி எதுவும் நம் கண்முன் இல்லை. கரற் சுட்ட ஒற்றைச் செயல் கோல்ட்டோ, 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏலத்தில் 60 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதன் தொடர்ச்சி அறுபடாமல் நிறுவப்பட்டதே காரணம். கரற் அதனை ஒரு மதுச்சாலையிற் காட்சிக்கு வைக்கக் கொடுத்திருந்தார். அவர் இறந்த பின்னர் அவர் மனைவி வழக்காடி மீட்டுக் கொண்டார். கைம்பெண் ஒருத்தி தன் உரிமைக்காக நீதிமன்றம் ஏறிய அந்த வழக்கே பிற்காலத்தில் அத்துப்பாக்கியின் மெய்மைக்குச் சாட்சியாயிற்று.

சான்றில்லாது போன துப்பாக்கிகளும் உண்டு. 1876ஆம் ஆண்டு யூன் 25ஆந் தேதி லிற்றில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் கஸ்ரர் என்னும் தளபதியும் அவருடன் சென்ற படைப்பிரிவும் லக்கோட்டா, செயென் வீரர்களால் முற்றாக அழிக்கப்பட்டனர். கஸ்ரர் அன்று வெள்ளைப் பிடியுள்ள இரண்டு ஆங்கில இரட்டைச் செயல் துப்பாக்கிகளைத் தாங்கியிருந்தார் என்று, அதே படையணியில் இருந்து உயிர் தப்பிய கொட்ப்றி என்னும் அதிகாரி பிற்காலத்தில் எழுதினார். அவை எந்த நிறுவனத்தின் கைவேலை என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் அக்களம் வேறொரு வகையிற் பேசியது. 1983இல் மூண்ட காட்டுத் தீ அங்கிருந்த புல்லை எரித்து நிலத்தை வெளிப்படுத்தியது. மறு ஆண்டு தொல்லியலாளர் களத்தை ஆய்ந்து, சிதறிக் கிடந்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்கினர். ஒவ்வொரு துப்பாக்கியும் தோட்டாவின் அடியிற் பதிக்கும் தழும்பு, மனிதனின் கைரேகை போலத் தனித்தன்மை உடையது. அத்தழும்புகளை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கு நகர்ந்தது என்பதை வரைந்தனர். பழங்குடி வீரர் பலரிடம் தொடர்ந்து சுடவல்ல துப்பாக்கிகள் இருந்தன என்பதும் அதனால் உறுதியாயிற்று. களத்தில் நின்ற வீரர் சொல்லியும் அந்நாளிற் செவிமடுக்காதவர்கள், பித்தளைக் கூடுகள் சொன்னபோது நம்பினர்.

இதே மக்களுக்கு 1890ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆந் தேதி நேர்ந்ததையும் நாம் மறத்தல் ஆகாது. வூண்டட் நீ என்னும் இடத்தில் லக்கோட்டா மக்களின் துப்பாக்கிகளைப் படையினர் பறித்துக் கொண்டிருந்த வேளையில் ஒரு வேட்டு எழுந்தது. அதனைத் தொடர்ந்த கொலையில் பெண்டிர், பிள்ளைகள் உட்பட நூற்றைம்பது பேருக்கு மேல் மாண்டனர். குடியேறியவன் கையில் துப்பாக்கி உரிமை எனப்பட்டது. பழங்குடியினன் கையில் அதுவே குற்றம் எனப்பட்டது. அதே ஆண்டுக் குடிசன மதிப்பைக் கொண்டு எல்லைப்புறம் என்பதே இனி இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. எல்லைப்புறத் துப்பாக்கிகளின் காலமும் அத்தோடு முடியத் தொடங்கியது. உருளை பக்கவாட்டில் விலகித் திறக்கும் புதிய இரட்டைச் செயல் றிவோல்வரைக் கோல்ட் நிறுவனம் 1889இல் வெளியிட்டது. அவ்வகையை அமெரிக்கத் தரைப்படை 1892இல் ஏற்றுக்கொண்டது. இலண்டனில் தொடங்கிய வழக்கு நாற்பது ஆண்டுகளின் பின் தீர்ந்தது.

இறுதியாக ஒரு துப்பாக்கியைக் கூறி முடிக்கிறேன். 1881ஆம் ஆண்டு யூலை 2ஆந் தேதி வாஷிங்டன் நகரப் புகையிரத நிலையத்தில் ஜனாதிபதி காபீல்டைச் சாள்ஸ் கிற்றோ என்பவன் சுட்டான். ஜனாதிபதி செப்டெம்பர் 19ஆந் தேதி உயிர் நீத்தார். கிற்றோ பயன்படுத்தியது ஆங்கில 'புல்டோக்' அமைப்பிலான குறுங்குழல் இரட்டைச் செயல் துப்பாக்கி. கடையில் அதனை வாங்கும்போது, தந்தப் பிடியுள்ளதை வாங்கினால் பிற்காலத்தில் நூதனசாலையில் அழகாகத் தோன்றும் என்று அவன் எண்ணினான் என்றும், கையிற் பணம் போதாமையால் மரப்பிடி உள்ளதையே வாங்கினான் என்றும் கூறுவர். கொலை செய்யுமுன்னரே, அக்கொலைக் கருவியை மக்கள் வந்து வியந்து பார்க்கப் போகும் கண்ணாடிப் பேழையை அவன் மனத்திற் கண்டுவிட்டான்! அடுத்த ஆண்டு அவன் தூக்கிலிடப்பட்டான். துப்பாக்கியை ஸ்மித்சோனியன் நிறுவனம் பெற்றது, படமும் பிடிக்கப்பட்டது. பின்னர் அது காணாமற் போயிற்று. இன்று அது எங்கே என்று அறிவார் இல்லை.

நேயர்களே, சேகரிப்போர் அனைவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை இந்நிகழ்ச்சி எழுப்புகிறது. நாம் பேணுவது கொன்றவனின் புகழையா? கிற்றோ விரும்பியது அதனைத்தான். அல்லது அக்கருவியைச் செய்த தொழிலாளியின் கைத்திறனையும், அதனை வாங்கிய எளிய மனிதனின் அச்சத்தையும், அதன் முன் வீழ்ந்தவரின் துயரையும் ஒருங்கே நினைவில் வைத்திருக்கவா? ஏலக்கூடத்தில் பெயர்பெற்ற கொலைஞனின் துப்பாக்கிக்கு இலட்சங்கள் கிடைக்கின்றன. யாருடையது என்று அறியப்படாத, வில் ஒடிந்த 1877 வகைத் துப்பாக்கி மூலையிற் கிடக்கிறது. ஆயினும் வரலாறு கற்போனுக்கு அந்த இரண்டாவது துப்பாக்கி குறைந்தது அன்று. ஒரு நல்ல கருத்து ஏன் தோற்றது, மலிவும் உறுதியும் எவ்வாறு வென்றன, அச்சம் எவ்வாறு வணிகமாயிற்று என்பதையெல்லாம் அதன் ஒடிந்த வில் உண்மையாக உரைக்கும்.

பொருள்களைச் சேர்ப்பதில் குற்றமில்லை. அவற்றோடு சேர்ந்து வரும் கதைகளைச் சோதியாமல் ஏற்பதே குற்றம். எண்ணெயிட்டுத் துடைக்கும் கை, பேரேட்டையும் புரட்டுமாயின், அக்கையினால் வரலாற்றுக்குத் தீங்கு நேராது.